ஸ்மூத் சார்பின் நியம வடிவம்: கணக்குப் போட்டே கண்டுபிடிக்கும் வழி

தளத்திலிருந்து தளத்துக்குப் போகும் ஒரு சார்பு கையில் இருக்கிறது:

எஃப்(க, ச) = (க + ச², க² + 2·க·ச² + ச⁴)

நான்காம் படி வரை போகிறது, இரண்டு மாறிகளும் பின்னிக் கிடக்கின்றன, பார்த்ததும் கொஞ்சம் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு பக்கமும் ஆயத்தொலைவுகளைச் சரியாக மாற்றிக்கொண்டால் இதே சார்பு (த, ந) என்ற புள்ளியை (த, 0) என்ற புள்ளிக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான். த-வை அப்படியே விட்டுவிட்டு ந-வைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. இப்படி ஒரு புள்ளியைச் சுற்றி ஆயங்களை மாற்றி மாற்றி, இதற்குமேல் எளிமையாக்க ஒன்றுமில்லை என்ற நிலைக்குச் சார்பைக் கொண்டுவந்தால் கிடைப்பதுதான் இடஞ்சார்ந்த நியம வடிவம்.

வகையீட்டு வடிவியல் படிக்கும் நிறையப் பேர் இந்தத் தேற்றங்களைத் தவறில்லாமல் ஒப்பிப்பார்கள். ‘ஏற்ற ஆயங்கள் உண்டு’ என்று தேர்வில் எழுதியும் விடுவார்கள். ஒரு சார்பைக் கொடுத்து, எங்கே அந்த ஆயங்கள், எழுதிக் காட்டு என்று கேட்டால் நின்றுவிடுவார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு, ஏனென்றால் ஆயங்களைத் தேடி எங்கேயும் போக வேண்டாம், சார்பே அவற்றைத் தருகிறது. சார்பின் கூறுகளையே புதிய ஆயங்களாக எடுத்துக்கொள், போதாத இடத்தைப் பழைய ஆயங்களால் நிரப்பு, செல்லுமா என்று ஒரு அணிக்கோவை போட்டுப் பார். கீழே வரும் பெரும்பாலான கணக்குகள் இந்த ஒரு வரியின் விரிவுதான்.

எழுதும் முறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளம்பும் பக்கத்து ஆயங்கள் க, ச. அங்கே புதிதாக எடுப்பவை த, ந. போய்ச் சேரும் பக்கத்தில் ப, ம, தேவைப்பட்டால் ர. நடுப்புள்ளி என்றால் பெருக்கல். புள்ளி எங்கே இருந்தாலும் அதையும் அதன் பிம்பத்தையும் ஆதிக்கு நகர்த்திக்கொள்ளலாம், அது வெறும் கூட்டல் கழித்தல் என்பதால் அதைப் பற்றி மறுபடி மறுபடி பேசப் போவதில்லை.

எந்த மாற்றம் செல்லும்?

ஆய மாற்றம் என்றால் அது ஸ்மூத்தாக, அதாவது எத்தனை முறை வேண்டுமானாலும் வகையிடக்கூடியதாக இருக்க வேண்டும், அதன் நேர்மாறும் ஸ்மூத்தாக இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனையை விட்டுவிடுபவர்கள் உண்டு. த = க³ என்பது ஒன்றுக்கொன்று, ஸ்மூத்தும்கூட, ஆனால் நேர்மாறான கனமூலத்துக்கு 0-வில் வகைக்கெழு கிடையாது, அதனால் இது ஆய மாற்றமே அல்ல. இதை அனுமதித்தால் க³-ஐயும் க-வையும் ஒன்று என்று சொல்ல வேண்டி வரும், அப்புறம் வகைப்படுத்த எதுவுமே மிஞ்சாது.

நல்ல வேளையாக நேர்மாறைக் கையால் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. நேர்மாறுச் சார்புத் தேற்றம் சொல்கிறது: அந்த ஒரே ஒரு புள்ளியில் ஜேக்கோபியன் அணியின் (கூறுகளின் பகுதி வகைக்கெழுக்களை வரிவரியாக அடுக்கிய அணி) அணிக்கோவை பூச்சியம் இல்லையென்றால், அந்தப் புள்ளியின் ஏதோ ஒரு அண்மையகத்தில் ஸ்மூத் நேர்மாறு உண்டு. ஒரு புள்ளியில் ஒரு எண்ணைக் கணக்கிட்டால் போதும், சுற்றுவட்டாரம் முழுவதற்கும் உத்தரவாதம் கிடைக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த தேற்றம் இதுதான், தயங்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள்.

தரம் முழுதாக இருக்கும்போது

முதல் வேலை எப்போதும் ஒன்றுதான், ஜேக்கோபியன் அணியை எழுதி, நமக்கு வேண்டிய புள்ளியில் அதன் தரத்தை, அதாவது ஒன்றையொன்று சாராத வரிகள் எத்தனை என்பதைப் பார்ப்பது. தரத்துக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்துப் புள்ளிகளுக்கு நகர்ந்தால் அது ஏறலாம், இறங்காது, ஏனென்றால் பூச்சியமல்லாத ஒரு சிற்றணிக்கோவை கொஞ்சம் நகர்ந்தவுடன் பூச்சியமாகிவிடாது. ஆகவே ஒரு புள்ளியில் தரம் அதன் உச்ச அளவில் இருந்தால் சுற்றிலும் அப்படியே இருக்கும். இந்த வகை மிகச் சுலபம்.

எஃப்(க, ச) = க² + ச² என்பதை (1, 0) அருகே பார்ப்போம். வகைக்கெழுக்கள் 2·க, 2·ச. அந்தப் புள்ளியில் 2, 0. தரம் 1, சேரும் பக்கமும் ஒரு பரிமாணம், இப்படித் தரம் சேரும் பக்கத்தின் பரிமாணத்துக்குச் சமமாக இருந்தால் சப்மெர்ஷன் என்போம். சார்பையே ஆயமாக எடுங்கள்: த = க² + ச². இன்னொரு ஆயம் தேவை, ந = ச என்று வைத்தால் அணிக்கோவை 2·க, அந்தப் புள்ளியில் 2. செல்லும். புதிய ஆயங்களில் எஃப்(த, ந) = த. முடிந்தது. இதே தேர்வை (0, 1) அருகே செய்தால் 2·க பூச்சியமாகிவிடும், அங்கே ந = க என்று எடுக்க வேண்டும். எந்தப் பழைய ஆயத்தை வைத்துக்கொள்வது என்பது ருசிக்கு விட்ட விஷயம் இல்லை, அணிக்கோவை பூச்சியமாகாதபடி எடுக்க வேண்டும்.

இம்மெர்ஷனில், அதாவது தரம் கிளம்பும் பக்கத்தின் பரிமாணத்துக்குச் சமமாக இருக்கும்போது, நிலைமை தலைகீழ். கிளம்பும் பக்கம் சிறியது, சேரும் பக்கம் பெரியது. க என்பது (க + க², க³) என்ற புள்ளிக்குப் போகிறது என்று வைப்போம், ஆதியில் வகைக்கெழு (1, 0), தரம் 1. இங்கே கிளம்பும் பக்கத்தில் ஆயங்கள் போதவில்லை, அதனால் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறோம்: ஜி(க, ச) = (க + க², க³ + ச). ஆதியில் அணிக்கோவை 1, ஆகவே ஜி-க்கு நேர்மாறு உண்டு, ஆகவே (க, ச) என்பதையே சேரும் பக்கத்தின் புதிய ஆயங்களாக வைக்கலாம். அந்த ஆயங்களில் நம் வளைவரை (க, 0). வளைந்து போன கோடு நேர்கோடாகிவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘இடஞ்சார்ந்த’ என்ற சொல்லை அலங்காரமாக எண்ண வேண்டாம். க-வை (க² − 1, க³ − க) என்ற புள்ளிக்கு அனுப்புங்கள். வகைக்கெழு (2·க, 3·க² − 1), இரண்டும் சேர்ந்து எங்கேயும் பூச்சியமாவதில்லை, ஆக எல்லா இடத்திலும் இம்மெர்ஷன். ஆனாலும் க = 1, க = −1 இரண்டும் ஆதிக்கே போகின்றன, வளைவரை தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு கிளையும் தனித்தனியே நேர்கோடாகும். முழு வளைவரையைப் பற்றி நியம வடிவம் எதுவும் சொல்லவில்லை.

தரம் குறைவு, ஆனால் மாறாதது

இப்போது ஆரம்பத்தில் வைத்த சார்புக்கு வருவோம். முதல் கூறின் வகைக்கெழுக்கள் 1, 2·ச. இரண்டாவது கூறின் வகைக்கெழுக்கள் 2·(க + ச²), 4·ச·(க + ச²). இரண்டாம் வரி முதல் வரியின் 2·(க + ச²) மடங்கு, ஆக தரம் எல்லாப் புள்ளியிலும் 1. ஆதியில் 1 என்பது மட்டும் போதாது, சுற்றிலும் 1 என்பதுதான் இங்கே உயிர்.

முதல் கூறை ஆயமாக எடுங்கள்: த = க + ச², ந = ச. அணிக்கோவை 1. இப்போது சார்பு (த, த²). சேரும் பக்கத்தில் ம-வுக்குப் பதில் ம − ப² என்று மாற்றினால் (த, 0). அவ்வளவுதான், நான்காம் படியெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

இது தற்செயல் இல்லை. பொதுவாக முதல் படிக்குப் பிறகு சார்பு (த, ஜி(த, ந)) என்ற உருவத்தில் வந்து நிற்கும். அதன் தரம் எப்போதும் குறைந்தது 1, ந-வைப் பொறுத்த ஜி-யின் வகைக்கெழு எங்காவது பூச்சியமில்லை என்றால் அங்கே தரம் 2 ஆகிவிடும். தரம் 1-க்கு மேல் போகவில்லை என்று நமக்குத் தெரியும், ஆகவே அந்த வகைக்கெழு அண்மையகம் முழுவதும் பூச்சியம், ஆகவே ஜி-க்கு ந பற்றித் தெரியவே தெரியாது, அது த-வை மட்டும் சார்ந்தது. அதைச் சேரும் பக்கத்தில் கழித்துவிடலாம். மாறாத் தரத் தேற்றத்தின் நிரூபணம் முழுக்க இதுதான். (அண்மையகத்தை ஒரு செவ்வகமாக எடுத்துக்கொள்ளுங்கள், வகைக்கெழு பூச்சியம் என்றால் மாறிலி என்று சொல்ல ந-வின் போக்கில் இடைவெளி இருக்கக் கூடாது.) பரிமாணங்கள் எத்தனையானாலும் இதே வாதம், தரம் எவ்வளவோ அத்தனை ஆயங்கள் அப்படியே கடக்கும், மற்றவை 0 ஆகும்.

தரம் விழும் இடம்: முதலில் எண்ணுக்குப் போகும் சார்புகள்

இதுவரை தரம் மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்தது. தரம் ஒரு புள்ளியில் மட்டும் விழும்போதுதான் விஷயம் சுவையாகிறது, வேலையும் கூடுகிறது.

ஒரு மாறிக்கு விடை சுருக்கமானது. ஆதியில் முதலில் பூச்சியமாகாத வகைக்கெழு மூன்றாவது என்றால் டெய்லர் சொல்வதுபடி எஃப் = க³·ஜி(க), ஜி(0) பூச்சியமல்ல. த = க·(ஜி-யின் கனமூலம்) என்று வைத்தால் எஃப் = த³. ஜி(0) பூச்சியமில்லாததால் அங்கே கனமூலம் ஸ்மூத், செல்லும். எந்தப் படிக்கும் இதே வழி, இரட்டைப்படை என்றால் முன்னால் ஒரு குறி ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு மாறிகளுக்கு மார்ஸ்டன் மோர்ஸ் பெயரில் வழங்கும் துணைத்தேற்றம் இருக்கிறது: மாறுநிலைப் புள்ளியில் (முதல் வகைக்கெழுக்கள் எல்லாம் பூச்சியமாகும் இடம்) ஹெஸ்ஸியன் எனும் இரண்டாம் வகைக்கெழுக்களின் அணியின் அணிக்கோவை பூச்சியமில்லை என்றால் சார்பு ±த² ± ந² ஆகும். பள்ளியில் செய்த வர்க்கப் பூர்த்தியேதான், கெழுக்கள் எண்களாக இல்லாமல் சார்புகளாக இருக்கும், அது ஒன்றுதான் வித்தியாசம். எஃப் = க² + க³ − ச² எடுங்கள். க²·(1 + க) − ச² என்று எழுதி, த = க·√(1 + க), ந = ச. ஆதியில் த-வின் வகைக்கெழு 1. சார்பு த² − ந², ஒரு திசையில் ஏறி இன்னொன்றில் இறங்கும் சேணப் புள்ளி. எஃப் = 0 என்ற வளைவரை ஆதியருகே இரண்டு நேர்கோடுகள் குறுக்கே வெட்டுவதுபோல் இருக்கும் என்று படம் போடாமலே தெரிந்துவிட்டது. க·ச மாதிரி வர்க்கமே இல்லாமல் வந்தால் பயப்பட வேண்டாம், கூட்டலின் பாதி, கழித்தலின் பாதி இரண்டையும் ஆயமாக வைத்தால் அது த² − ந².

மெதுவடை ஒன்றைத் தட்டில் விளிம்பின் மேல் நிறுத்தி, ஒவ்வொரு புள்ளிக்கும் தட்டிலிருந்து உயரம் என்ன என்று கேளுங்கள். மாறுநிலைப் புள்ளிகள் நான்கு. அடியில் சிறுமம், உச்சியில் பெருமம், ஓட்டையின் கீழ்ப்புறமும் மேல்புறமும் இரண்டு சேணங்கள். நான்கிலும் மோர்ஸ் வடிவம் செல்லும்.

ஹெஸ்ஸியன் பூச்சியமாகும்போது அவசரப்படக் கூடாது. எஃப் = க² + க·ச² என்பதில் க·ச² மூன்றாம் படி, சின்னது, அதை விட்டுவிட்டு க² என்று சொல்லிவிடலாம் என்று தோன்றும். வர்க்கப் பூர்த்தி செய்து பாருங்கள்: (க + ச²/2)² − ச⁴/4. த = க + ச²/2, ந = ச/√2 என்று வைத்தால் த² − ந⁴. விட்டுவிடலாம் என்று நினைத்த உறுப்புதான் ஆதியைச் சிறுமமாக இல்லாமல் செய்துவிட்டது. நல்ல திசைகளை வர்க்கமாகப் பிரித்தெடுத்துவிட்டு மிச்சத்தைத் தனியாகப் பார்ப்பதுதான் பாதுகாப்பான வழக்கம்.

தளத்திலிருந்து தளத்துக்கு: மடிப்பும் கொசுவமும்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒரு துணியை மேசை மேல் போட்டால் சில இடத்தில் அது மடியும். மடிப்பின் நியம வடிவம் (க, ச²): ஒரு பக்கம் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு முன்பிம்பங்கள், மறுபக்கம் ஒன்றுமில்லை. இன்னொன்று, இரண்டு மடிப்புக் கோடுகள் நெருங்கி வந்து ஒரு புள்ளியில் சேர்ந்து மறைந்துவிடும் இடம். சேலைக் கொசுவத்தில் ஒரு மடி மெல்லக் குறைந்து துணி தட்டையாகும் இடத்தை உற்றுப் பார்த்தால் தெரியும். அதன் வடிவம் (க, ச³ + க·ச). கணிதத்தில் அதைக் கூர்முனை என்போம்.

1955-இல் ஹாஸ்லர் விட்னி நிரூபித்தது இது: தளத்திலிருந்து தளத்துக்குப் போகும் எந்த ஸ்மூத் சார்பையும் மிகச் சிறிதளவு அசைத்து, தரம் விழும் புள்ளிகள் எல்லாம் மடிப்பு அல்லது கூர்முனை மட்டுமே ஆகும்படி செய்துவிடலாம், அந்த இரண்டையும் அதற்குமேல் அசைத்து அழிக்க முடியாது. நூற்றுக்கணக்கான வகை இருக்கும் என்று எதிர்பார்க்கும் இடத்தில் வெறும் இரண்டு.

இனம் காண்பது எப்படி? ஜேக்கோபியன் அணிக்கோவையை ஜே என்போம். ஜே = 0 என்பது தரம் விழும் வளைவரை. அதன் ஒவ்வொரு புள்ளியிலும் (தரம் 1 என்றால்) ஒரு திசை அணியால் பூச்சியத்துக்குப் போகும், அது கெர்னல் திசை. கெர்னல் திசை அந்த வளைவரையைக் குறுக்கே வெட்டினால் மடிப்பு. தொட்டுக்கொண்டு போனால் கூர்முனையாக இருக்கலாம். கணக்கில் சொன்னால், கெர்னல் திசையில் ஜே-யின் முதல் வகைக்கெழு பூச்சியமில்லை என்றால் மடிப்பு. முதலாவது பூச்சியம், இரண்டாவது பூச்சியமில்லை, அதோடு ஜே-யின் பகுதி வகைக்கெழுக்கள் எல்லாமே பூச்சியமாகிவிடவில்லை என்றால் கூர்முனை.

(க, ச² + க·ச) எடுங்கள். ஜே = 2·ச + க, கெர்னல் ச-வின் திசை, அந்தத் திசையில் வகைக்கெழு 2. மடிப்பு. ஆயங்களையும் பார்த்துவிடலாம்: ச² + க·ச = (ச + க/2)² − க²/4. ந = ச + க/2, சேரும் பக்கத்தில் ம + ப²/4, முடிந்தது. எந்த மடிப்புக்கும் இதே வழிதான், க-வை ஓரமாக நிறுத்திவைத்து ச-வில் மோர்ஸ், மிச்சம் வரும் க-வின் சார்பைச் சேரும் பக்கத்தில் கழி.

கூர்முனையைக் கிட்டத்தில் பார்ப்போம். (க, ச³ + க·ச). ஜே = 3·ச² + க, ஆக தரம் விழுவது க = −3·ச² என்ற பரவளையத்தில். அந்தப் பரவளையம் வழுவழுவென்று இருக்கிறது, ஒரு கூர்மையும் இல்லை. அதன் பிம்பத்தைப் பாருங்கள்: ப = −3·ச², ம = ச³ − 3·ச³ = −2·ச³. ச-வை நீக்கினால் 4·ப³ + 27·ம² = 0. ஆதியில் ஊசிமுனை. இந்தக் கோவையை எங்கோ பார்த்த மாதிரி இருந்தால் அது சரிதான், முப்படிச் சமன்பாடு ச³ + ப·ச − ம = 0-வின் தன்மைகாட்டிதான் அது, குறி மட்டும் மாறியிருக்கிறது. ஊசிமுனையின் உள்ளே இருக்கும் புள்ளிக்கு மூன்று மூலங்கள், அதாவது மூன்று முன்பிம்பங்கள், வெளியே ஒன்று. காபி டம்ளரில் பக்கவாட்டில் விளக்கு வெளிச்சம் விழும்போது காபியின் மேல் பளிச்சென்று ஒரு வளைவு தெரியும், நடுவில் அது கூராக முடியும். அந்தக் கூரின் அருகேயும் இதே உருவம்தான், கோட்டின் ஒரு பக்கம் மூன்று கதிர்கள் வந்து சேர்கின்றன, மறுபக்கம் ஒன்று.

வடைக்குத் திரும்புவோம், இந்த முறை அதைத் தட்டில் படுக்கவைத்துக்கொள்ளுங்கள். அதைச் சாய்வாகப் பாருங்கள். ஓட்டையின் நம் பக்கத்து விளிம்புக் கோடு இருபுறமும் கொஞ்சம் நீண்டு போய், வடையின் மேலேயே சட்டென்று நின்றுவிடும். வரைபவர்கள் அந்தக் கோட்டை ஒரு புன்னகை மாதிரி போடுவார்கள். கோடு முழுக்க மடிப்புப் புள்ளிகள், அது நின்றுபோகும் இரண்டு முனைகள் கூர்முனைகள், அதற்கப்புறம் அந்தக் கோடு வடையின் சதைக்குப் பின்னால் மறைந்து திரும்புகிறது.

வேஷம் போட்டு வந்தால் கண்டுபிடிப்பீர்களா? எஃப்(க, ச) = (க + ச², க·ச). ஜே = க − 2·ச². ஜே = 0 மேல் கெர்னல் திசை (−2·ச, 1). அந்தத் திசையில் ஜே-யின் வகைக்கெழு −2·ச − 4·ச = −6·ச, ஆதியில் பூச்சியம். மறுபடி அதே திசையில், −6. ஆக ஆதியில் கூர்முனை. இப்போது நம் பழைய வழி, முதல் கூறே ஆயம்: த = க + ச². அப்போது க·ச = (த − ச²)·ச = த·ச − ச³. த-வின் குறியையும், சேரும் பக்கத்தில் இரண்டு ஆயங்களின் குறியையும் மாற்றினால் (த, ச³ + த·ச). இந்தச் சார்பில் சுலபமாக முடிந்தது. பொதுவான கூர்முனைக்கு இவ்வளவு எளிதில் முடியாது, ச²-க்கும் உயர்படிகளுக்கும் பதில் சொல்ல மால்கிராஞ்சின் தயாரிப்புத் தேற்றம் போன்ற கனமான கருவி வேண்டும். ஆனால் மேலே சொன்ன சோதனை அப்போதும் அப்படியே செல்லும், வடிவத்தை அது சொல்லிவிடும்.

தரம் 0-வுக்கே விழுந்தால்? (க² − ச², 2·க·ச) ஆதியில் அப்படித்தான், கலப்பெண்ணின் வர்க்கம். இது மடிப்பும் இல்லை, கூர்முனையும் இல்லை. விட்னி சொன்னபடி கொஞ்சம் அசைப்போம்: (க² − ச² + 0.1·க, 2·க·ச − 0.1·ச). ஜே = 4·க² + 4·ச² − 0.01. அந்த ஒற்றைப் புள்ளி 0.05 ஆரமுள்ள வட்டமாக விரிந்துவிட்டது. அதன் பிம்பம் மூன்று முனையுள்ள, பக்கங்கள் உள்வளைந்த முக்கோணம், ஆக மூன்று கூர்முனைகள், மிச்சமெல்லாம் மடிப்பு. பேனாவும் தாளும் எடுத்து அந்த வட்டத்தின் பத்துப் பன்னிரண்டு புள்ளிகளை அனுப்பி வரைந்து பாருங்கள், அப்படிச் செய்தபோதுதான் எனக்கு அந்தத் தேற்றம் மனதில் தங்கியது.

பரப்பை வெளியில் வைக்கும்போது

இரண்டு பரிமாணத்திலிருந்து மூன்றுக்குப் போனால் புதிதாக ஒன்றே ஒன்று வருகிறது, விட்னியின் குடை: (க, ச², க·ச). ஆதியில் தரம் 1, வேறெங்கும் 2. சேரும் பக்கத்தில் ர² = ப²·ம. பரப்பு தன்னைத்தானே ஒரு அரைக்கோட்டின் மேல் வெட்டிக்கொண்டு வந்து ஆதியில் அந்த வெட்டு முடிகிறது. சமன்பாட்டை மட்டும் பார்த்தால் ம குறையெண்ணாகும் பக்கம் ப = ர = 0 என்ற கோடும் சேர்ந்து வரும், குடைக்குக் கைப்பிடி மாதிரி, ஆனால் சார்பின் பிம்பத்தில் அது கிடையாது. சமன்பாடும் பிம்பமும் ஒன்று என்று எண்ணித் தவறுவது இங்கே மிகச் சுலபம்.

வழி எங்கே நின்றுபோகிறது

எல்லா சார்புக்கும் நியம வடிவம் கிடைத்துவிடாது. க பூச்சியமில்லாதபோது ஈ-யின் (இயற்கை மடக்கையின் அடிமானம்) அடுக்கு −1/க², ஆதியில் 0 என்ற சார்புக்கு ஆதியில் எல்லா வகைக்கெழுவும் பூச்சியம், டெய்லர் தொடர் எதையும் சொல்வதில்லை, எந்தப் படியோடும் அது சேராது. அசைத்தால் நல்ல வடிவங்கள் மட்டுமே மிஞ்சும் என்ற விட்னியின் இனிமையான நிலைமையும் உயர் பரிமாணங்களில் நிலைப்பதில்லை. ரெனே தோம் அதைக் காட்டினார், ஜான் மேதர் எந்தெந்தப் பரிமாணங்களில் நிலைக்கும் என்று முழுதாக வரையறுத்தார். இரு பக்கமும் பரிமாணம் ஒன்றே என்றால் 8 வரை சரி, 9-லிருந்து இல்லை.

தளத்துக்குள்ளேயே, ஒரு சார்பு என்றில்லாமல் நேரத்தோடு மாறும் சார்புகளின் குடும்பம் என்று எடுத்தால், இடையில் ஒரு கணம் மட்டும் மடிப்பும் கூர்முனையும் அல்லாத வடிவம் தலைகாட்டும். (க, ச³ + (க² + எ)·ச) என்பதில் எ-யை மெதுவாகக் குறையுங்கள். ஜே = 3·ச² + க² + எ. எ மிகையெண்ணாக இருக்கும்வரை ஜே எங்கும் பூச்சியமில்லை, தளம் மடிப்பே இல்லாமல் கிடக்கிறது. எ = 0 ஆனதும் ஆதியில் ஒரு புள்ளி, அங்கே ஜே-யின் பகுதி வகைக்கெழுக்களும் பூச்சியம், மேலே சொன்ன சோதனை கைவிட்டுவிடுகிறது. எ இன்னும் குறைந்தால் அந்தப் புள்ளி நீள்வட்டமாகத் திறக்கிறது. கெர்னல் திசையில் ஜே-யின் வகைக்கெழு 6·ச, ஆகவே ச = 0, க = ±√(−எ) என்ற இரண்டு இடத்தில் கூர்முனைகள். சேரும் பக்கத்தில் தெரிவது இரண்டு முனையும் கூராக, நடுவில் சற்றே திறந்த ஒரு உதடு. க²-க்கு முன்னால் கழித்தல் குறி போட்டு இதையே மறுபடி செய்து பாருங்கள். இந்த முறை நீள்வட்டத்துக்குப் பதில் அதிபரவளையம் வரும், எதிரெதிரே வரும் இரண்டு கூர்முனைகள், இரண்டு பறவைகள் அலகோடு அலகு வைப்பதுபோல், ஒன்றையொன்று தொட்டு, அப்புறம் மேலும் கீழுமாக இரண்டு வழுவழுப்பான மடிப்புக் கோடுகளாகப் பிரிந்துபோகும்.